வயறிங் தெரிந்தவருக்கு எந்தச் சான்றிதழ்?

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ32 வீதியில், மாவட்டத்தின் வடக்கு எல்லையோரம் இருக்கிறது வெள்ளாங்குளம். அதைத் தாண்டினால் முழங்காவில், கிளிநொச்சி மாவட்டம். இந்த வீதியோரக் கிராமங்களில் என்னைக் காண்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "அண்ணை, கறண்ட் வேலை பழகிறதெண்டா எங்க போறது? எந்தச் சேட்டிபிக்கற் எடுக்கிறது?"

கேட்பவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் அல்லர். பாதிப் பேர் முப்பத்தைந்தைக் கடந்தவர்கள். கடலுக்கோ கூலி வேலைக்கோ உடம்பு இனி இடம் கொடாது என்று தெரிந்துகொண்டவர்கள். அவர்களில் பலருக்கு வயறிங் கொஞ்சம் தெரியும், சிலருக்கு நன்றாகவே தெரியும். தெரியும் என்பதற்கு ஒரு தாள் மட்டும் இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சா/த எழுதி முடித்த பிள்ளைக்கு வழி வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் கதையும் அவர்களுடையது போன்றதுதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி வருவதற்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட வீடு எங்களுடையது. இரவுக்கு ஜாம் போத்தல் விளக்கு. டைனமோவில் எந்த முனையில் எந்த வயரைக் கொழுவுவது என்பதுதான் நான் படித்த முதல் மின்பாடம். 2008 ஓகஸ்ட் தொடக்கத்தில் இராணுவம் வெள்ளாங்குளத்துக்குள் வந்தபோது நாங்கள் ஏற்கெனவே கிழக்கே நகர்ந்துவிட்டோம். பிறகு முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக் பாம். ஊருக்குத் திரும்பியபோது காலுக்குள் ஒரு செல் துண்டு இருந்தது. வள்ளம் தள்ள முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் மின்கம்பங்களும் வீட்டுத்திட்டங்களும் ஏறத்தாழ ஒன்றாக வந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய், கட்டக் கட்டப் பகுதி பகுதியாகக் கிடைத்தது. அத்திவாரம், சுவர், கூரை என்று போய், வயறிங்குக்கு வரும்போது அனேகமான வீட்டில் காசு முடிந்திருக்கும். "தம்பி, இப்போதைக்கு ரெண்டு லைற்றும் ஒரு பிளக்கும் போட்டு விடு" என்பார்கள். நான் ஒரு பாஸுக்கு உதவியாளாகப் போய், ஒரு வருடத்துக்குள் தனியாக வேலை பிடிக்கத் தொடங்கிவிட்டேன். லைற்றுக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67, மெயினுக்கு அதைவிடத் தடித்தது. இதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கிணற்றடியில் நடந்தது

2017இல் ஒரு காலை. கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஓர் அக்காவின் வீடு. வயறிங் முழுக்க நான் செய்தது. கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு இரும்புக் குழாயைப் பிடித்தவரை மின்சாரம் தூக்கி எறிந்தது. குழாயிலிருந்து கை விடுபட்டதால் உயிர் தப்பினார். ஒரு கிழமை கழித்து நான் போனபோது கோபமாகப் பேசவில்லை. "நீ பூட்டினதுதானேடா தம்பி, என்னண்டு பார்" என்று மட்டும் சொன்னார்.

பார்த்தேன். மோட்டரின் உள்வயர் உப்புக் காற்றில் அரிபட்டு உடம்போடு முட்டிக்கொண்டிருந்தது. அது என் பிழை அல்ல. ஆனால் மோட்டர் பழுதானால் ஆளுக்கு அடிக்கக் கூடாது. அதற்குத்தானே எர்த் வயர் இருக்கிறது? எர்த் இருந்தது. வேலியோரத்து உலர் மணலில் ஒன்றரை அடிக்கு நான் அடித்த கம்பித் துண்டு ஒன்றுதான் அந்த எர்த். ட்றிப் சுவிச் இல்லை. காசில்லாமல் பிறகு பூட்டுவோம் என்று விட்டது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், எந்தச் சான்றிதழ் என்ற கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் நாட்டில் வீடுகளுக்கு வரும் இணைப்பில் எர்த்தை அந்தந்த வீட்டிலேயே நிலத்தில் அடித்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஒரு பொருளின் உடம்பில் மின் கசிந்தால், அது மண் வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். நல்ல ஈர மண்ணில் ஆழமாக அடித்த கம்பி என்றால் தடை குறைவு. நான் அடித்தது போன்ற கம்பிக்கு, உலர் மணலில், தடை 300 ஓம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. 230 வோல்ற்றை 300ஆல் பிரித்துப் பாருங்கள். ஓர் அம்பியர்கூட வராது. 16 அம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. அது சுமை கூடினால் விழுமே தவிர, ஆளுக்கு அடித்தால் விழாது. மோட்டரும் குழாயும் கிட்டத்தட்ட முழு வோல்ற்றில் நின்றுகொண்டிருக்கும், யாராவது வந்து தொடும் வரை.

ட்றிப் சுவிச் பார்ப்பது வேறு. போகும் மின்னும் திரும்பும் மின்னும் சமமா என்று அது பார்க்கிறது. 30 மில்லி அம்பியர், அதாவது ஓர் அம்பியரின் நூறில் மூன்று பங்கு குறைந்தாலே வெட்டிவிட வேண்டும். வீட்டுக்குப் போடும் சாதாரண ட்றிப் சுவிச் அந்த அளவு கசிவில் 300 மில்லி செக்கனுக்குள் விழ வேண்டும் என்பது தரம். அந்தக் கிணற்றடியில் அது இருந்திருந்தால், மோட்டர் பழுதான அன்றே விழுந்திருக்கும். அக்காவின் கை குழாயில் படுவதற்கு முன்பே விசயம் தெரிந்திருக்கும்.

நான் அதுவரை அறியாத இன்னொன்றும் இருந்தது. ட்றிப் சுவிச்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழும். உடனே "எர்த் சரி" என்று சொல்லிவிட்டு வருவோம். அந்தப் பொத்தான் சுவிச்சைத்தான் சோதிக்கிறது. நிலத்தில் எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும்.

வயர் இழுக்க, சுவிச் பூட்ட, பெட்டி கட்ட எங்களில் பலருக்குத் தெரியும். போட்டதைச் சோதிக்கத் தெரியாது. ஒரு பயிற்சியோ சான்றிதழோ அந்தச் சோதனையைக் கற்றுத் தருகிறதா, கேட்கிறதா என்பதுதான் நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது.

மட்டம் மூன்று, மட்டம் நான்கு

இலங்கையில் தொழிற் தகைமைகளுக்குத் தேசிய அளவில் ஒரே ஏணிதான் இருக்கிறது. அதன் பெயர் தேசிய தொழிற் தகைமை. எல்லோரும் என்.வி.கியூ. என்றே சொல்கிறார்கள். ஏழு மட்டங்கள். ஒன்று ஆரம்பம். இரண்டு, மூன்று, நான்கு கைத்தொழிலுக்கு உரியவை. ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமம். இந்த ஏணியைப் பார்த்துக்கொள்வது 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. பயிற்சி தருபவர்கள் வேறு. தொழிற் பயிற்சி அதிகார சபை (வி.ரி.ஏ.), தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை (நைற்றா), தொழில்நுட்பக் கல்லூரிகள், இளைஞர் சேவைகள் மன்றம், தனியார் நிலையங்கள் என்று பலர். எங்கே படித்தாலும் கடைசியில் வரும் என்.வி.கியூ. ஒன்றுதான். ஆகவே "எந்த நிலையம் பெரியது" என்பது இரண்டாவது கேள்வி. "அந்த வகுப்பின் முடிவில் என்.வி.கியூ. வருமா, எத்தனையாம் மட்டம்" என்பதே முதலாவது.

இரண்டு முதல் நான்கு வரையான மட்டங்களின் வேறுபாட்டை இப்படிப் புரிந்துகொள்ளலாம். இரண்டில் மற்றவரின் மேற்பார்வையில் வேலை செய்வீர்கள். நான்கில் முழு வேலையையும் நீங்களே திட்டமிட்டு, செய்து, சோதித்து, பொறுப்பேற்பீர்கள். மூன்று இடையில் நிற்கிறது. வீட்டு வயறிங்கை நம்பி வாழப் போகிறவர் மூன்றுக்குக் கீழே நிற்பதில் அர்த்தமில்லை. மின்சாரத்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, வயறிங் செய்பவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. அதற்கு அடிப்படையாக அது வைத்ததும் மட்டம் மூன்றைத்தான். அது முழுமையாக நடைமுறைக்கு வரும் நாளில் எங்களில் பலர், கையில் வேலை இருந்தும், வெளியே நிற்க வேண்டி வரும். நான் அலுவலகப் படிகளில் ஏறத் தொடங்கியதற்கு அக்காவுக்கு நடந்தது ஒரு காரணம், இந்தப் பயம் மற்றக் காரணம்.

நான்காம் மட்டம் எனக்கு வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வீடுகள் மட்டும் என்றால் மூன்றோடு தொடங்கலாம். அரிசி ஆலை, ஐஸ் தொழிற்சாலை, மூன்று பேஸ் மோட்டர், ஒப்பந்த வேலை, வெளிநாடு என்று கண் போனால் நான்கு வேண்டும். மட்டம் மூன்று கிடைத்தவுடன் அதிலேயே நின்றுவிடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். நானே இரண்டு வருடம் நின்றுவிட்டு இப்போது அவதிப்படுகிறேன்.

கைவேலை தெரிந்தவருக்கு வகுப்பு வேண்டாம்

வகுப்பில் போய் இருந்து படித்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும். அதன் பிறகு தொழிலிடப் பயிற்சி. அரச நிலையங்களில் கட்டணம் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் நாள்கூலியில் அடுப்பு எரியும் வீட்டில் ஆறு மாதம் கூலி இல்லாமல் இருப்பதுதான் உண்மையான கட்டணம். அந்த முழுநேர வகுப்புகள் இளைஞர்களை மனதில் வைத்து அமைத்தவை. நாற்பது வயதில் நான் போய் நின்றபோது வாசலில் இருந்தவர் "மகனுக்கோ?" என்று கேட்டார். அதில் அவர் பிழை இல்லை.

எங்களைப் போன்றவர்களுக்கான வழி முன்கற்றலை அங்கீகரித்தல். ஆர்.பி.எல். என்று கேட்டால் விளங்கும். நீங்கள் எங்கே, யாரிடம் பழகினீர்கள் என்பது அங்கே கேள்வி அல்ல. இந்தத் தொழிலுக்கென்று தேசியத் தேர்ச்சி நியமம் ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள வேலைகளை நீங்கள் செய்து காட்ட முடியுமா என்று மதிப்பீட்டாளர் பார்ப்பார். முடிந்தால் என்.வி.கியூ. கிடைக்கும். வகுப்பில் இருந்து படித்தவருக்குக் கிடைக்கும் தகைமையும் இதுவும் ஒன்றே, பெறுமதி குறைந்தது அல்ல. சா/த சித்தி கட்டாயமில்லை. வயது எல்லை இல்லை. நைற்றாவும் வி.ரி.ஏ.யும் இதைச் செய்கின்றன. பிரதேச செயலகத்திலுள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரையோ திறன் அபிவிருத்தி உத்தியோகத்தரையோ சந்தித்தால் விண்ணப்பம் எங்கே, அடுத்த மதிப்பீடு எப்போது என்று விசாரித்துச் சொல்வார்கள். நான் அங்கேதான் தொடங்கினேன்.

விண்ணப்பத்தோடு உங்கள் வேலைக்குச் சான்றாக ஒரு கோவை தயாரிக்க வேண்டும். பலர் இங்கேதான் மனம் விட்டுப் போகிறார்கள். "எங்களிட்ட என்ன கிடக்கு? எல்லாம் முள்ளிவாய்க்காலோட போச்சு" என்பார்கள். 2009க்குப் பிறகு செய்த வேலை போதும். முடித்த வீடுகளின் படங்கள் (பெட்டி திறந்திருக்கும் படம் ஒன்று, வயர் இழுக்கும்போது எடுத்தது ஒன்று), வீட்டுக்காரர் எழுதித் தந்த கடிதங்கள், சாமான் வாங்கிய கடைச் சிட்டைகள், பாஸ் ஒருவரிடம் வேலை செய்திருந்தால் அவருடைய கடிதம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல். எனக்குக் கடிதம் தந்தவர்களில் அந்த அக்காவும் ஒருவர். ஏன் தந்தார் என்று நான் கேட்கவில்லை.

பெயர் விசயத்தில் கவனம் வேண்டும். இடப்பெயர்வில் தொலைந்து, நடமாடும் சேவைகளில் மீண்டும் எடுத்த பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயரின் ஆங்கில எழுத்துகள் வேறு வேறாக இருப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். விண்ணப்பிக்க முன் அதை ஒன்றாக்குங்கள். சான்றிதழ் வந்த பிறகு திருத்தத் திரிவது பெரிய அலைச்சல், வெளிநாட்டுக்குப் போக நினைப்பவருக்கு இன்னும் மோசம்.

மதிப்பீட்டில் என்ன நடக்கும்? ஒரு பலகையில் இரண்டு வழிச் சுவிச், பிளக் சுற்று, விநியோகப் பெட்டி எல்லாம் கட்டச் சொன்னார்கள். அது எனக்குக் கைவந்த வேலை. பிறகு கேள்விகள். இந்தச் சுற்றுக்கு ஏன் இந்த வயர், ஏன் இந்த எம்.சி.பி., மின் கொடுக்கும் முன் எதை எதை எந்த ஒழுங்கில் சோதிப்பாய்? கடைசிக் கேள்வியில் நான் முதல் தடவை திணறினேன். காப்புத் தடையை 500 வோல்ற்றில் அளந்து ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதும், அதைப் பல்புகளைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. அந்தக் கருவியை அன்றுதான் கையில் பிடித்தேன். சில அலகுகளில் தேர்ச்சி, சிலவற்றில் இல்லை.

அப்படி ஆனாலும் எல்லாம் வீணாகாது. தேர்ச்சி பெற்ற அலகுகளைக் குறித்து அடைவுப் பதிவு ஒன்று தருவார்கள். மிச்சத்தைப் பழகிவிட்டு மீண்டும் அதற்கு மட்டும் தோற்றலாம். இது தெரியாமல் "பெயில் விட்டிட்டாங்கள்" என்று திரும்பிப் போகாமலே விட்ட மூன்று பேரை எனக்குத் தெரியும். நான் மன்னாரில் ஒரு நண்பரோடு நான்கு சனிக்கிழமை போய்ச் சோதனை மட்டும் பழகினேன். அடுத்த தடவை சரி. வகுப்பு வேண்டாம் என்று மேலே எழுதினேன். சோதனைக்கு மட்டும் ஒரு குரு வேண்டும் என்று அதைத் திருத்திக்கொள்கிறேன்.

துண்டுப்பிரசுரங்களில் எழுதாதவை

கிராமங்களுக்கு வரும் துண்டுப்பிரசுரங்களில் "அரச அங்கீகாரம் பெற்றது" என்று இருக்கும். அதில் இரண்டு விசயம் கலந்திருக்கிறது. ஆணைக்குழுவில் ஒரு நிலையத்தைப் பதிவது ஒன்று. அந்த நிலையம் நடத்தும் குறிப்பிட்ட பாடநெறிக்குத் தரச்சான்று பெறுவது வேறொன்று. பதிவு இருந்தும் உங்கள் பாடநெறிக்குத் தரச்சான்று இல்லாவிட்டால், முடிவில் கையில் வருவது அந்த நிலையத்தின் தாள்தான், என்.வி.கியூ. அல்ல. எங்கள் பக்கத்துப் பெடியன் ஒருவன் தாயின் சங்கிலியை அடகு வைத்து மூன்று மாதம் படித்தது அப்படியான ஓரிடத்தில். காசு கட்ட முன் இதைக் கேளுங்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் பார்க்கலாம்.

தொண்டு நிறுவனங்கள் நடத்திய குறுகிய பயிற்சிகளின் தாள்கள் எங்கள் வீடுகளில் நிறைய இருக்கின்றன. பத்து நாள், இருபது நாள், முடிவில் ஒரு கருவிப் பெட்டி. நான் அவற்றைக் குறை சொல்ல மாட்டேன், என் முதல் குறடும் அப்படி வந்ததுதான். ஆனால் அந்தத் தாள் எந்த ஏணியிலும் இல்லை. அதை ஆர்.பி.எல். கோவையில் ஒரு சான்றாக வையுங்கள், அதுதான் அதன் பயன்.

இன்னொரு தாளும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. போர் முடிந்த பின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கூடாக வந்தார்கள். அங்கே வயறிங் பழகியவர்கள் உண்டு, நன்றாகப் பழகியவர்களும் உண்டு. வெளியே வந்து அந்தச் சான்றிதழை வேலைக்குக் காட்டினால் தொழில் தெரியும் என்பதற்கு முன் வேறொன்றுதான் எதிரில் இருப்பவரின் கண்ணில் படுகிறது. என்னோடு வேலை செய்த ஒருவர் பல வருடம் தன் தாளை யாருக்கும் காட்டாமல், பழகாதவர் போலவே உதவியாள் கூலிக்கு நின்றார். அவருக்கு ஆர்.பி.எல். மூலம் வந்த சான்றிதழில் தொழிலின் பெயரும் மட்டமும்தான் இருக்கின்றன. அதன் பிறகுதான் தன் பெயரில் கூலி பேசத் தொடங்கினார். இதே நிலையில் இருப்பவர்கள் இதை வாசித்தால், பிரதேச செயலகத்தில் போய் ஆர்.பி.எல். என்று மட்டும் கேட்டால் போதும். கோவைக்கு வெளியே வந்த பின் செய்த வேலைகளே போதும்.

லண்டனில் இருக்கும் உறவினர்கள் மூலம் வரும் குழப்பமும் ஒன்று உண்டு. என் மச்சான் ஒருவர் கடை வேலையை விட்டு அங்கே எலெக்ரிசியன் ஆனார். முதலில் சில கிழமைகளில் "வீட்டு மின் நிறுவுநர்" ஆக்குகிறோம் என்ற விளம்பரத்தை நம்பிக் காசு கட்டினார். அந்தத் தாளோடு ஒரு நிறுவனமும் அவரை முழுத் தகுதியுள்ளவராக எடுக்கவில்லை. பிறகு வேலை செய்துகொண்டே அங்குள்ள என்.வி.கியூ. மட்டம் மூன்றையும், ஏ.எம்.2 என்ற செய்முறைத் தேர்வையும் முடித்தார். பெயர் ஒன்றாக இருப்பதால் எங்கள் மட்டம் மூன்றும் அங்குள்ள மட்டம் மூன்றும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே எடுத்தது அங்கே அப்படியே செல்லாது. ஆனால் இரண்டு நாட்டிலும் வயறிங் விதிகளுக்கு ஆதாரம் பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய நியமம்தான். ஆகவே மச்சான் சொல்லும் சோதனை ஒழுங்கு எனக்கும் உதவியது. குறுகிய பயிற்சியில் ஏமாறுவதற்கு வெள்ளாங்குளத்தில் பிறக்க வேண்டிய அவசியமில்லை என்று அன்று விளங்கியது.

சான்றிதழ் எதற்குச் செல்லாது

என்.வி.கியூ. வந்துவிட்டால் கம்பத்தில் ஏறலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர், மீற்றர், அதற்கு முன் இருக்கும் முத்திரையிட்ட பெட்டி எதையும் நாங்கள் தொட முடியாது. அது மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் சொத்து. புதிய இணைப்புக்குப் போகும் வயறிங் சோதனை அறிக்கையில் கையெழுத்திடும் தகுதியும் வேறு, அதற்குரியவரிடம்தான் எடுக்க வேண்டும். காற்றாலை வேலையும் இதில் வராது. மன்னார் தீவின் தென்கரையில் 2020இல் தொடங்கிய தம்பபவனியில் 30 காற்றாடிகள் 103.5 மெகாவோற் திறனோடு நிற்கின்றன. அதைப் பார்த்து, "எலெக்ரிசியன் படிச்சா அங்க வேலை" என்று ஒரு வகுப்புக்காரர் ஊரில் சொல்லித் திரிந்தார். வீட்டு வயறிங் தெரிந்தவரை அந்த உயரத்தில் ஏற்ற மாட்டார்கள். அது தனிப் பயிற்சி. (காற்றாலைகள் தீவு மக்களுக்கு என்ன செய்கின்றன என்பது வேறு கட்டுரைக்கு உரியது.)

சான்றிதழ் இருந்தாலும் மறுக்கத் தெரிய வேண்டிய வேலைகளும் உண்டு. பன்றிக்கும் யானைக்கும் வேலியில் நேரடியாகக் கறண்ட் விடச் சொல்வார்கள். அது சட்டவிரோதம், வன்னியில் அதில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். மாரியில் ட்றிப் சுவிச் அடிக்கடி விழுகிறது, "டிரெக்ராப் பண்ணிவிடு தம்பி" என்பார்கள். அது விழுவது எங்கோ கசிகிறது என்பதற்காக. கசிவைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும், சுவிச்சைத் தவிர்த்து வயரைக் கொழுவ ஐந்து நிமிடம். அந்த அரை நாளுக்குக் கூலி கேட்க எனக்கு முன்பு வாய் வராது. இப்போது சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். எடுத்துக் காட்டியதும் பேரம் கொஞ்சம் குறைகிறது, உண்மைதான்.

பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும்

சா/த எழுதிய பிள்ளைக்கு என் வழி வேண்டாம். வகுப்பில் இருந்து, மட்டம் நான்கு வரை ஒழுங்காகப் படிக்கட்டும். வெள்ளாங்குளத்திலிருந்து தெற்கே மன்னார், கிழக்கே துணுக்காய், மாங்குளம், வடக்கே பூநகரி போய் சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணம் என்று மூன்று பக்கமும் வழி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் மின்துறை இருக்கிறது, மட்டம் நான்குக்கு மேலும் அங்கே போகலாம். ஐந்து, ஆறு முடித்தால் இரத்மலானையிலுள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரை கதவு திறந்திருக்கிறது. நிலையத்தைத் தெரியும்போது பஸ் நேரத்தையும் பாருங்கள். பின்னேரம் வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிடும் பிள்ளை மூன்றாம் மாதம் நின்றுவிடும். விடுதி இருந்தால் அது பாடத்திட்டத்தைவிட முக்கியம்.

பெண் பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு விடத் தயங்குகிறோம். எங்கள் பக்கத்தில் பெண் தலைமை தாங்கும் வீடுகள் எத்தனை என்று யோசியுங்கள். பகலில் தனியாக இருக்கும் ஒரு பெண், தெரியாத ஆம்பிளை ஒருவனை அறைக்குள் விட்டு பிளக் பூட்ட விரும்புவதில்லை. பழுதோடு மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். எத்தனையோ வீட்டில் நான் வாசலில் நின்று, பிள்ளை பள்ளியால் வரும் வரை காத்திருந்திருக்கிறேன். மட்டம் மூன்று எடுத்த ஒரு பெண் இந்த வீதியில் இருந்தால் அவளுக்கு வேலைக்குப் பஞ்சம் இருக்காது. கிணற்றடி அக்காவின் மூத்த மகள் இப்போது சா/த எழுதிவிட்டு நிற்கிறாள். இரண்டு தடவை என்னோடு பெட்டி தூக்கிக்கொண்டு வந்தாள். தாய் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு ட்றிப் சுவிச் பூட்டியாயிற்று. எர்த் கம்பியைக் கிணற்றடிக்கு மாற்றி, நிலத்தடி ஈரம் வரும் வரை ஆழமாக அடித்தேன். ஆனால் அதை அளந்தது மார்கழியில், மழை பெய்து மண் ஊறியிருந்தபோது. எர்த்தை அளக்க வேண்டியது ஆவணியில், மண் காய்ந்து கிடக்கும்போது. அளக்கும் கருவி என்னிடம் இல்லை, மன்னார் நண்பரிடம்தான் இரவல் வாங்க வேண்டும். வரும் ஆவணிக்கு இந்த வீட்டோடு தேவன்பிட்டியில் மூன்று வீடு, முழங்காவிலில் ஒரு வீடு என்று எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் நான் மட்டம் மூன்று எடுக்க முன் வயறிங் செய்தவை.